சரக்குக் கதவிலிருந்து பார்த்தால் டகோட்டா: சி-47 மதிப்புரை

டகோட்டா என்றதும் பெரும்பாலோர் அதன் மூக்கைத்தான் பார்க்கிறார்கள். மேல்நோக்கி நிமிர்ந்த உருண்டை மூக்கும் சரிந்த இரண்டு முன்கண்ணாடிகளும் படம் எடுக்க அழகு. ஆனால் சரக்கு விமானத்தை எடைபோட வேண்டிய இடம் அதன் சரக்குக் கதவு. இந்த விமானத்தில் அது உடம்பின் இடது பக்கம், இறக்கையைத் தாண்டிப் பின்னால் இருக்கிறது. டகோட்டாவின் பெரிய பலம், பெரிய குறை இரண்டும் அந்தக் கதவருகே நின்றாலே தெரிந்துவிடும்.

மூல வடிவமான டக்ளஸ் டிசி-3, 1935 டிசம்பர் 17 அன்று கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் முதன்முதலாகப் பறந்தது. அது பயணிகளுக்கான விமானம். படுக்கைகள் வைத்த இரவுப் பயண விமானமாகத்தான் அதை முதலில் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போர் வந்ததும் அதே உடம்பில் கதவைப் பெரிதாக்கி, தரையை வலுவாக்கி, சுமை கட்டுவதற்கு வளையங்கள் பதித்துச் செய்தது சி-47. பிரிட்டன் அதற்கு டகோட்டா என்று பெயர் வைத்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் அந்தப் பெயரே நிலைத்தது. 10,000-க்கும் மேல் கட்டப்பட்டன. சோவியத் ஒன்றியமும் ஜப்பானும் உரிமம் பெற்றுச் சொந்தமாகவும் கட்டின.

கதவு இரண்டு பலகைகளாலானது. இரண்டையும் திறந்தால் ஏறத்தாழ 7 அடி அகலம் கிடைக்கும். முன்பலகைக்குள்ளேயே ஆள் போய்வர ஒரு சிறிய கதவு உண்டு. பாராசூட் வீரர்கள் குதித்தது அதன் வழியாகத்தான். வானிலிருந்து மூட்டை போடும் வேலைக்குக் கதவுகளை மொத்தமாகக் கழற்றிவிட்டே பறப்பார்கள். வாசலின் அடிவிளிம்பு கிட்டத்தட்ட லாரித் தட்டின் உயரத்தில் இருக்கிறது. லாரியைப் பின்னோக்கி ஓட்டி வந்து அணைத்தால் போதும், தூக்கி எந்திரம் வேண்டாம். தார் போட்ட தளமோ மின்சாரமோ இல்லாத இடத்தில் இந்த ஒன்றே பாதி வேலையைக் குறைத்துவிடும்.

கதவு பக்கவாட்டில் இருப்பதால் நீளமான சாமானுக்குச் சிரமம். குழாயையும் கம்பத்தையும் நேராக நுழைக்க முடியாது. சாய்த்து நுழைத்து உள்ளே திருப்ப வேண்டும். உள் அகலம் ஏழரை அடி, உயரம் ஆறரை அடி. ஒரு ஜீப்பை ஏற்றலாம். சாய்தளத்தில் ஏறி, உள்ளே நுழைந்த உடனே கூர்மையாகத் திருப்பி மூக்கைப் பார்த்து நிறுத்தப் பழகிய கை வேண்டும்.

இனி அந்தக் குறை. டகோட்டா வால் சக்கரத்தில் நிற்கும் விமானம். தரையில் நிற்கும்போது மூக்கு மேலே, வால் கீழே. சரக்கறையின் தரை ஏறத்தாழ 11 முதல் 12 டிகிரி சாய்ந்திருக்கும். கதவு இருப்பதோ பள்ளத்தில். கனமான சுமை போய்ச் சேர வேண்டிய இடமோ மேட்டில், இறக்கைக்கு நேர் மேலே. 200 கிலோ பெட்டி ஒன்றை அந்தச் சரிவில் மேலே தள்ள, உராய்வைச் சேர்க்காமலே 40 கிலோ விசை வேண்டும். உராய்வும் சேர்ந்தால் இரண்டு பேரால் ஆகாது; நான்கு பேர் நிற்க உள்ளே இடம் போதாது.

இதற்கு ஒழுங்கான வழி உண்டு. முன்சுவரில் கப்பியை மாட்டி, கயிற்றின் ஒரு முனையைச் சுமையில் கட்டி, மறுமுனையைக் கதவுக்கு வெளியே கொண்டுவந்து தரையில் நிற்பவர்கள் இழுக்க வேண்டும். உள்ளே ஒருவர் மட்டும் சுமைக்குப் பக்கவாட்டில் நின்று, சுமை ஒவ்வொரு அடி நகரும்போதும் அதன் பின்னால் ஆப்புக்கட்டை வைத்துக்கொண்டே போக வேண்டும். சுமைக்குப் பின்னால் ஆள் நிற்கவே கூடாது. கயிறு அறுந்தால் சுமை வரும் வழி அதுதான். டீசல் டிரம்களை ஏற்றும்போது தரையில் பலகை விரிக்காவிட்டால் டிரம்மின் விளிம்பு தரைத்தகட்டை வெட்டிவிடும்.

சுமை ஏற்றுவதில் அடிக்கடி நடக்கும் தவறும் இந்தச் சரிவால்தான் வருகிறது. முதலில் வந்த இலேசான பெட்டிகளை ஆசையாக முன்னால் அடுக்கிவிடுவார்கள். கடைசியாக வரும் கனமான பெட்டியை மேலே இழுக்கத் தெம்பு இருக்காது. அது கதவருகிலேயே நின்றுவிடும். எடைப்பட்டியலில் கூட்டுத்தொகை சரியாகவே இருக்கும். ஆனால் ஈர்ப்புமையம் பின்னுக்குப் போயிருக்கும். ஓடுதளத்தில் வேகம் பிடித்த பிறகும் வால் எழ மறுத்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. அந்த இடத்திலேயே வேகத்தைக் குறைத்து நிறுத்திவிட வேண்டும். மீறித் தரையை விட்டால் மூக்கு தானாக மேலே ஏறும், வேகம் விழும், அந்த உயரத்தில் மீட்க இடம் இருக்காது. இதைத் தவிர்க்கத்தான் சரக்கறையைப் பகுதி பகுதியாகப் பிரித்து எழுத்துக்கள் இட்டு, ஒவ்வொன்றும் தாங்கும் எடையைக் குறித்தார்கள். ஈர்ப்புமையம் கணக்கிட நகரும் சட்டம் கொண்ட ஓர் அளவுகோலும் விமானத்தோடு தரப்பட்டது. பேட்டரியே இல்லாத அந்தச் சட்டம் இன்றைய கணிப்பொறிக்குக் கொஞ்சமும் சளைத்ததல்ல.

கட்டும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஓடுதளத்தில் வால் எழுந்ததும் தரை மட்டமாகிவிடும். மேலேறும்போது மறுபடியும் சாயும். இறங்கிப் பிரேக் பிடித்தால் சுமை முன்னால் பாயப் பார்க்கும். ஏற்றிய நேரத்தில் சுமை பின்பக்கம்தான் இழுக்கும் என்பதால் பின்கயிற்றை மட்டும் இறுக்கிவிட்டு, முன்கயிற்றைத் தளர விடுவது வழக்கமான கோளாறு. சுமைக்கு முன்னால் இருப்பது விமானி அறை. நான்கு பக்கமும் இறுக்கியாக வேண்டும்.

இந்தச் சரிவு எவ்வளவு விலை கேட்கும் என்பதை 1948-இல் பெர்லின் காட்டியது. முற்றுகையிடப்பட்ட நகரத்துக்கு நிலக்கரியும் மாவும் கொண்டுபோன வான்வழிப் பாலத்தை முதலில் தாங்கியது சி-47தான். ஆனால் அதிலிருந்து மூன்றரை டன் இறக்க ஆன நேரத்தில், மூக்குச் சக்கரத்தில் மட்டமாக நிற்கும் சி-54 ஸ்கைமாஸ்டரிலிருந்து 10 டன் இறக்க முடிந்தது. சில மாதங்களிலேயே அமெரிக்கர்கள் அந்த வேலையிலிருந்து சி-47-களை விலக்கிக்கொண்டார்கள். கணக்குப்படி அது சரியான முடிவு. நல்ல ஓடுதளமும் இடைவிடாத ஓட்டமும் உள்ள இடத்தில் டகோட்டா தோற்கும்.

ஓடுதளமே இல்லாத இடத்தில்தான் அது ஜெயிக்கும். 1947 அக்டோபர் 27 காலையில் முதலாம் சீக்கியப் படைப்பிரிவை ஸ்ரீநகரில் கொண்டு இறக்கியவை டகோட்டாக்கள். இறங்கிய இடம் புழுதி பறக்கும் மண்தளம். விமானப்படை விமானங்களோடு தனியார் நிறுவனங்களின் டகோட்டாக்களும் சேர்ந்து ஓடின. மறு ஆண்டு மே 24 அன்று ஏர் கமடோர் மெஹர் சிங், ஜெனரல் திம்மய்யாவை ஏற்றிக்கொண்டு லே-யில் கொண்டுபோய் இறக்கினார். கடல் மட்டத்திலிருந்து 10,600 அடிக்கும் மேலே, அவசரமாகச் சமன்படுத்திய தளம் அது. காற்றழுத்தம் காக்கும் வசதி இந்த விமானத்தில் கிடையாது. என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்க இருப்பதும் ஒற்றை வேக அமுக்கி. கடல் மட்டத்தில் தரும் 1,200 குதிரைத்திறனை அந்த உயரத்தில் தராது. அப்படியிருந்தும் அங்கே இறங்கித் திரும்ப எழுந்தது என்றால் பாராட்டு விமானிக்கும் இறக்கைக்கும் சமமாகப் போக வேண்டும்.

எடைக் கணக்கு

விளம்பரத்தில் 'மூன்று டன் சுமக்கும்' என்று இருக்கும். எந்தத் தூரத்துக்கு என்று கேட்டால்தான் உண்மை வரும். வெற்று எடை ஏறத்தாழ 8,200 கிலோ. வழக்கமான மொத்த எடை 26,000 பவுண்டு, அதாவது 11,790 கிலோ. மீதம் 3,590. இதில் மூன்று பேர் கொண்ட குழுவுக்கு 240 கிலோ, இரண்டு என்ஜின்களின் ஆயிலுக்கு 200 கிலோ கழித்தால் 3,150 நிற்கும். எரிபொருளும் சரக்கும் இதற்குள் அடங்க வேண்டும்.

இரண்டு என்ஜின்களும் சேர்ந்து மணிக்கு ஏறத்தாழ 360 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். எடையில் 260 கிலோ. இரண்டு மணி நேரப் பயணம், கையிருப்பாக முக்கால் மணி நேரம் என்றால் 715 கிலோ. சரக்குக்கு 2,430 கிலோ மிஞ்சும். நான்கு மணி நேரப் பயணம் என்றால் சரக்கு 1,900-க்கு இறங்கும். நான்கு தொட்டிகளையும் நிரப்பினால் சுமார் 3,040 லிட்டர். எட்டு மணி நேரம் பறக்கலாம், ஆனால் சரக்கு ஒரு டன்னுக்கும் கீழே. 200 லிட்டர் டீசல் டிரம் ஒன்று ஏறத்தாழ 186 கிலோ. ஆகவே இரண்டு மணி நேரத் தூரத்துக்கு 12 டிரம். கயிறு, பலகை, ஆப்புக்கட்டை எல்லாம் மீதி 200 கிலோவுக்குள். 13-ஆவதைத் தொடக்கூடாது. டிரம்மை விளிம்பு வரை நிரப்பவும் கூடாது. மேலே போனால் வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், டிரம் உப்பும், மூடி வழியே கசியும்.

போர்க்காலத்தில் 31,000 பவுண்டு வரை ஏற்றிப் பறந்தார்கள். அந்த எடையில் ஒரு என்ஜின் நின்றால் மற்றதால் உயரத்தைக் காக்க முடியாது. போர் அதை ஏற்றுக்கொண்டது. வணிகச் சரக்குக்கு அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு வருபவரிடம் வேலை ஒப்புக்கொள்ளக்கூடாது.

என்ஜின்

சி-47-இல் இருப்பது பிராட் அண்ட் விட்னி ஆர்-1830 ட்வின் வாஸ்ப். இரண்டு வரிசையில் 14 சிலிண்டர்கள், கொள்ளளவு 30 லிட்டர். சிலிண்டருக்கு இரண்டாக, ஒரு என்ஜினுக்கு 28 ஸ்பார்க் பிளக்குகள். விமானத்துக்கு மொத்தம் 56. பிளக் மாற்றுவது என்றால் அரை நாள் என்று மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

காலையில் இதைக் கிளப்புவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலையை எந்த அவசரத்திலும் தவிர்க்கக்கூடாது. வட்டமாக அடுக்கிய சிலிண்டர்களில் கீழே இருப்பவற்றுக்குள் இரவெல்லாம் ஆயில் இறங்கித் தேங்கும். ஆயில் அமுங்காது. ஸ்டார்ட்டரைப் போட்டால் பிஸ்டன் ஆயிலில் மோதும், இணைப்புத்தண்டு வளையும். வளைந்த தண்டு அன்றைக்கே உடையாது. பல மணி நேரம் கழித்து, மலைமேல் பறக்கும்போது உடையும். அதனால் சுவிட்சுகள் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விசிறியைக் கையால் சுற்ற வேண்டும். விசிறிக்கும் என்ஜினுக்கும் இடையே 9-க்கு 16 என்ற விகிதத்தில் பல்சக்கரம் இருப்பதால், எல்லாச் சிலிண்டர்களும் ஒருமுறை அமுங்கி விரிய விசிறி ஒரு சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுழல வேண்டும். மூன்று இதழ் விசிறியில் நான்கு இதழ்கள் கடந்தால் குறைந்தபட்சம். ஒன்பது கடந்தால் நிம்மதி. நடுவில் இறுகிப் பிடித்தால் தள்ளக்கூடாது. பின்பக்கம் சுற்றுவது அதைவிட மோசம். ஆயில் உள்ளிழுப்புக் குழாய்க்குள் போய் ஒளிந்துகொண்டு, என்ஜின் கிளம்பியதும் திரும்பி வரும். கீழ்ச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி வடிய விடுவதே ஒரே வழி.

கிளப்பிய பிறகு ஆயில் 40 டிகிரி செல்சியஸ் தொடும் வரை வேகத்தை உயர்த்தக்கூடாது. சிலிண்டர் தலையின் வெப்பம் மேலெழும்போது 260 டிகிரியைத் தாண்டக்கூடாது. தொடர்ந்து ஓடும்போது 232. இந்த என்ஜினைக் குளிரவைப்பது காற்று மட்டுமே. தரையில் காற்றோட்டம் போதாது என்பதால் என்ஜின் உறையின் இதழ்கள் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். வெயில் காலத்தில் வரிசையில் நெடுநேரம் காத்திருந்து எழும்பினால், ஓடுதளத்தின் பாதியிலேயே முள் சிவப்பைத் தொட்டுவிடும்.

எழும்புவதற்கு என்ஜினுக்குள் போகும் காற்றில் 48 அங்குல (பாதரச அளவு) அழுத்தமும் நிமிடத்துக்கு 2,700 சுழற்சியும். பயண வேகத்தில் 30 அங்குலத்துக்குச் சற்றுக் கீழே, 2,050 சுழற்சி. அப்போது ஒவ்வொரு என்ஜினும் கொடுப்பது ஏறத்தாழ 600 குதிரைத்திறன், அதாவது பாதிப் பலம். பாதிப் பலத்தில் காலம் முழுக்க ஓடுவதால்தான் இது இத்தனை ஆண்டுகள் நிற்கிறது. ஆனால் இறங்கும்போது அழுத்தத்தை ஒரேயடியாகக் குறைப்பவர்கள் இதைக் கொல்கிறார்கள். அப்போது என்ஜின் விசிறியை ஓட்டுவதற்குப் பதில், காற்றில் சுழலும் விசிறி என்ஜினை ஓட்டத் தொடங்கும். தாங்கிகளில் சுமை எதிர்ப்பக்கம் விழும், ஆயில் படலம் கிழியும், பிஸ்டன் வளையங்கள் அதிரும். 100 சுழற்சிக்கு ஓர் அங்குலம் என்பது பழைய விதி: 2,000 சுழற்சியில் 20 அங்குலத்துக்குக் கீழே போகாதே. இறக்கத்தை முன்கூட்டியே திட்டமிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருபவர் கையில் இந்த என்ஜின் இரண்டு மடங்கு வாழும்.

இதன் பழுதுகள் கண்ணுக்குத் தெரியும், அதுதான் இதன் பெருமை. ஒரு சிலிண்டர் கெட்டால் என்ஜினை இறக்காமலே அந்த ஒன்றை மட்டும் கழற்றி மாற்றலாம். ஏணி, சாவிகள், புதிய சிலிண்டர், இரண்டு மெக்கானிக்குகள் போதும். ஒரே எச்சரிக்கை: ஒவ்வொரு வரிசையிலும் ஒரு சிலிண்டரில் முதன்மைத் தண்டு இருக்கும், மற்ற தண்டுகள் எல்லாம் அதைத்தான் பற்றியிருக்கும். அந்தச் சிலிண்டரைக் கழற்றியபின் தண்டுக்குத் தாங்கல் கொடுக்காமல் விசிறியை அசைத்தால், மற்றப் பிஸ்டன்களின் வளையங்கள் சிலிண்டரை விட்டு வெளியே வந்து சிக்கிக்கொள்ளும். ஒரு நாள் வேலை ஒரு மாத வேலையாகிவிடும்.

அந்தச் சத்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதிலும் வேலை இருக்கிறது. இரண்டு விசிறிகளும் ஒரே வேகத்தில் சுழலாவிட்டால் ஒலி 'வ்வூம்… வ்வூம்…' என்று அலையடிக்கும். மானியின் முள்ளை நம்பினால் போதாது. காதைத் தீட்டிக்கொண்டு, ஒரு விசிறியின் நெம்புகோலை மயிரிழை நகர்த்த வேண்டும். அலையின் இடைவெளி நீண்டுகொண்டே போய் ஒரு கட்டத்தில் மறைந்துவிடும். அப்போது எழும் அந்த ஒற்றைக் கனத்த முழக்கத்தைத்தான் தரையில் இருந்தவர்கள் ஆயுள் முழுக்க மறக்காமல் வைத்திருக்கிறார்கள். அந்த அலை தீர்ந்தால் உள்ளே இருப்பவர்களின் களைப்பும் பாதி தீரும்.

இறக்கையும் கால்களும்

இறக்கையின் நடுப்பகுதி உடம்போடு சேர்ந்தது. இரு பக்கத்து வெளிப்பகுதிகளும் போல்ட்டுகளால் இணைந்தவை, கழற்றி மாட்டலாம். இதற்கு 1941-இல் சீனாவில் கிடைத்த சான்றை மிஞ்ச எதுவுமில்லை. சீன தேசிய விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் டிசி-3 ஒன்று குண்டுவீச்சில் வலது வெளி இறக்கையை இழந்தது. மாற்று இறக்கை கையிருப்பில் இல்லை. முந்தைய வடிவமான டிசி-2-இன் இறக்கை ஒன்று ஹாங்காங்கில் கிடைத்தது. அது 5 அடி குட்டை. அதை இன்னொரு விமானத்தின் வயிற்றுக்கு அடியில் கட்டிக் கொண்டுபோய் மாட்டினார்கள். இரண்டு பக்கமும் வெவ்வேறு நீள இறக்கைகளோடு அந்த விமானம் பறந்து ஹாங்காங் வந்து சேர்ந்தது. டிசி-2½ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

சக்கரங்கள் மடங்கினாலும் முழுக்க மறையாது. பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காற்றுத்தடை கூடுவது உண்மைதான். ஆனால் சக்கரம் இறங்காமல் தரையில் படுக்க நேர்ந்தால், அந்தப் பாதிச் சக்கரத்திலேயே உருண்டு நிற்கும். விசிறிகள் வளையும், வயிற்றில் கீறல் விழும். பெரும்பாலும் விமானம் பிழைக்கும். இறக்குவது ஹைட்ராலிக் அழுத்தத்தில். விமானிகளுக்கு இடையே தரையில் இருக்கும் பூட்டுக் கைப்பிடி, அழுத்தமானி, பச்சை விளக்கு மூன்றையும் பார்க்க வேண்டும். விளக்கை மட்டும் நம்புவது போதாது. நிறுத்தியவுடன் கால்களில் பாதுகாப்பு ஊசிகளைச் செருக வேண்டும்.

தரையில் ஓட்டுவதுதான் புதியவர்களுக்குக் கண்டம். ஈர்ப்புமையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், ஒருமுறை திசை விலகினால் விலகல் தானாகவே வளரும். வாலை முந்தவிட்டால் விமானம் தட்டாமாலை சுற்றிக் காலை முறித்துக்கொள்ளும். ஓடத் தொடங்குமுன் வால் சக்கரத்தைப் பூட்ட வேண்டும். பூட்டைத் திறக்காமல் திருப்பினால் ஊசி துண்டாகும். அந்த ஊசி மலிவானது, முறிவதற்காகவே வைத்தது. இரண்டொன்றைப் பையில் வைத்திருப்பது நல்லது. சுக்கான், உயர்த்தி, இறக்கையோரத் தட்டு எல்லாவற்றையும் நிறுத்தும்போது காற்றில் அடிபடாமல் இருக்க வெளியிலிருந்து கட்டைகளால் பூட்டுவார்கள். சிவப்பு நாடா தொங்கும். அதை எடுக்க மறந்து எழும்பியவர்கள் உயிரோடு இறங்குவது அரிது. விமானி ஓட்டும் கைப்பிடியை நான்கு மூலைக்கும் அசைத்துப் பார்க்காமல் நகரவே கூடாது.

சின்னக் குறைகளைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். மழையில் முன்கண்ணாடி ஒழுகும். விமானியின் மடியில்தான் விழும். வேகம் மணிக்கு ஏறத்தாழ 250 கி.மீ.தான். அழுத்தக் காப்பு இல்லாததால் மேகத்துக்கு மேலே ஏறித் தப்பவும் முடியாது, புயலுக்குள்ளேயோ அதைச் சுற்றியோதான் போக வேண்டும்.

அந்த வேகத்திலும் நேரம் தவறாமல் ஓட முடிந்தது. 1949 சனவரியில் இந்தியாவில் தொடங்கிய இரவு அஞ்சல் விமானச் சேவையே அத்தாட்சி. சென்னை, மும்பை, டெல்லி, கல்கத்தா நான்கிலிருந்தும் இரவில் கிளம்பிய விமானங்கள் நள்ளிரவில் நாக்பூரில் கூடும். அஞ்சல் மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடியலுக்குள் தத்தம் ஊர் திரும்பும். நான்கில் ஒன்று தாமதித்தால் மற்ற மூன்றும் காத்திருக்க வேண்டிய ஏற்பாடு அது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் பிறந்ததும் டகோட்டாவில்தான்: இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு. வடகிழக்கு எல்லை மலைகளில் இந்திய விமானப்படையின் டகோட்டாக்கள் அரிசி போட்டதும் இதே கதவு வழியாகத்தான். பாராசூட் இல்லாமல் போடும் தானியத்தை இரட்டைச் சாக்கில் கட்டுவார்கள். உள்சாக்கை முழுக்க நிரப்பாமல் தளர விட வேண்டும். தரையில் மோதி உள்சாக்கு கிழிந்தாலும் வெளிச்சாக்கு பிடித்துக்கொள்ளும். இறுக்கி நிரப்பினால் இரண்டும் ஒன்றாக வெடித்து, தானியம் மண்ணோடு போகும்.

போட்டியாளர்களும் இன்றைய நிலையும்

கர்டிஸ் சி-46 கமாண்டோ பெரியது. ஆளுக்கு 2,000 குதிரைத்திறன் தரும் இரண்டு என்ஜின்கள். அசாமிலிருந்து இமயத்தைத் தாண்டிக் குன்மிங் போன வழியில் டகோட்டா தள்ளாடிய உயரங்களை அது சுமையோடு தாண்டியது. ஆனால் அதுவும் வால் சக்கர விமானம், பராமரிப்பும் அதிகம் கேட்கும். மலைமேல் கனமான சுமை என்றால் சி-46. குட்டையான மண்தளம், கைவசம் இரண்டே மெக்கானிக் என்றால் டகோட்டா. ஃபேர்சைல்ட் பாக்கெட் என்ற சரக்கு விமானத்தின் பின்பக்கம் முழுவதும் திறக்கும். ஏற்றுவதற்கு அதுதான் சுகம். இந்திய விமானப்படை அதன் முதுகில் ஒரு ஜெட் என்ஜினையும் ஏற்றிவைத்து மலைத்தளங்களுக்கு ஓட்டியது. சுமை ஏற்றுபவரைக் கேட்டால் பாக்கெட் என்பார். அதில் எனக்கு மறுப்பு இல்லை.

இன்று டகோட்டாவுக்குப் பெரிய எதிரி எரிபொருள். அதற்கு வேண்டியது விமானப் பெட்ரோல். பெரும்பாலான விமான நிலையங்களில் கிடைப்பது ஜெட் எரிபொருள் மட்டுமே. இதற்காகவே அமெரிக்காவின் ஆஷ்கோஷ் நகரில் பாஸ்லர் நிறுவனம் பழைய உடம்பில் டர்பைன் என்ஜின்களை மாட்டி, முன்பகுதியை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீட்டி, பிடி-67 என்று விற்கிறது. அண்டார்டிகாவில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு இறங்குவது அதுதான். கூடுதல் சுமை, கூடுதல் வேகம், ஆயில் தேங்கும் கவலை இல்லை. வேலைக்கு வாங்குபவருக்கு நேர்மையான பரிந்துரை அதுவே. அந்த முழக்கம் மட்டும் அதில் கிடைக்காது.

பிஸ்டன் என்ஜினோடு சரக்கு சுமக்கும் டிசி-3-களுக்குக் கொலம்பியாவின் வில்லாவிசென்சியோ பேர்போன ஊர். சாலை இல்லாத சமவெளிக் கிராமங்களுக்கும் அமேசான் காட்டுக்கும் அங்கிருந்துதான் பறக்கின்றன. இந்தியாவில் 'பரசுராமா' என்ற விபி 905, பிரிட்டனில் சீரமைக்கப்பட்டு, 2018-இல் அங்கிருந்து தன் சொந்தச் சிறகிலேயே பறந்து வந்து விமானப்படையில் சேர்ந்தது. இலங்கையில் இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. அருகே போக வாய்த்தால் விசிறிகளுக்கு நேரே உடம்பின் பக்கத்தைப் பாருங்கள். அங்கே தனியாக ஒரு தகடு அடித்திருப்பார்கள். விசிறி உதறும் பனிக்கட்டி உடம்பைத் துளைக்காமலிருக்க வைத்த கவசம் அது.

வாங்கவோ சீரமைக்கவோ முனைபவர் முதலில் என்ஜினைப் பார்ப்பது வழக்கம். என்ஜினை மாற்றிவிடலாம். முதலில் பார்க்க வேண்டியது வெளி இறக்கை இணையும் கோணத்தகடுகள்: வெடிப்பு அங்கேதான் பிறக்கும், மூடுதகட்டைக் கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டி, வெடிப்பில் ஊறி அதைக் காட்டும் சாயத்தைப் பூசிச் சோதிக்க வேண்டும். அடுத்தது சுக்கானிலும் உயர்த்தியிலும் இழுத்து ஒட்டிய துணி. விரலால் அழுத்தினால் பொருக்கு உதிரக்கூடாது. மூன்றாவது, சரக்கறைத் தரைப்பலகைகளின் அடிப்பாகம். முந்தைய உரிமையாளர் மீனோ கால்நடையோ ஏற்றியிருந்தால் உப்புநீரும் சிறுநீரும் பலகை இடுக்கில் இறங்கி, வயிற்றின் உள்தகட்டை அரித்திருக்கும். சரிவினால் அந்த நீர் முழுவதும் பின்னால் வழிந்து, கதவுக்கும் வாலுக்கும் இடையே தேங்கும். மேலே எத்தனை பளபளப்பாகப் பூசியிருந்தாலும், அந்தப் பலகைகளைக் கழற்றிக் காட்ட மறுப்பவரிடம் விலை பேச வேண்டாம்.